என் முற்றம் கோணல் என்று சொன்ன கார்

லிண்டன்டால்,
மே மாதம், வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் ஹின்ரிக் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஹெட்விக்கைக் கட்டிக்கொண்ட எபர்ஹார்ட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், ஹெட்விக் சுகம், நீங்கள் எங்களுக்கு விற்ற கார் கூடிய சீக்கிரம் சுகமாகிவிடும் என்கிறார்கள், முற்றம் மட்டும் சுகமில்லை. பிரேமனில் நீங்களும் உங்கள் மூட்டுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

முதலில் மன்னிப்பு. போன மாதம் எழுதிய கடிதத்தில், தங்கை புருஷனுக்கே நோயாளிக் காரைத் தள்ளிவிட்ட வடக்கத்தியான் என்று உங்களைக் குறிப்பிட்டிருந்தேன். இன்னும் இரண்டு மூன்று வார்த்தைகளும் இருந்தன. அவை எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முடிந்தால் அந்தக் கடிதத்தையும் திருப்பி அனுப்பிவிடுங்கள், பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, எதற்காவது ஆகும்.

நடந்தது இதுதான். பிப்ரவரியில் கார் வந்தது, மார்ச்சில் கோளாறு வந்தது. நடுவில் காருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. ஹெட்விக் வாங்கி வந்த அரைக்கிலோ மலைப்பயறுப் பை பிய்ந்து முன் இருக்கைகளுக்கு நடுவில் கொட்டியது, அவ்வளவுதான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, நம் வீட்டுச் சுத்தம் உங்களுக்குத் தெரியட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். வேறொருவனாக இருந்தால் குழாய் வைத்து உறிஞ்சிவிட்டுப் போயிருப்பான். நான் அந்தச் சனிக்கிழமை இருக்கைகளைக் கழற்றினேன், நடுப்பெட்டியைக் கழற்றினேன், அதற்கு அடியில் திருகியிருந்த தகடு தட்டுமுட்டு எல்லாவற்றையும் கழற்றி, அடியில் ஈரத்துணி போட்டுத் துடைத்து, பழையபடி திருகினேன். பொறுக்கிய பயறை ஹெட்விக் சமையல் தராசில் போட்டுப் பார்த்தாள். அரைக்கிலோ, முள் இம்மியும் நகரவில்லை.

அடுத்த வாரம் நாங்கள் இருவரும் பள்ளத்தாக்கிலிருந்து முட்டை வாங்கிக்கொண்டு மலையேறி வருகிறோம். கொண்டை ஊசி வளைவில் கார் தன்பாட்டுக்கு ஒரு சக்கரத்தைக் 'கர்ர்' என்று பிடித்துத் தள்ளியது பாருங்கள், ஹெட்விக் மடியிலிருந்த முப்பது முட்டையும் என் மடிக்கு வந்துவிட்டது. கூடவே எதிரில் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. ஒரு கார், அதன் பின்னால் பாம்பு பாம்பாக இரண்டு கோடு.

"ஏங்க, அந்தப் படத்துல இருக்கிற வண்டி குடிச்சிருக்கா?" என்றாள் உங்கள் தங்கை.

"அது நம்ம வண்டிதான்" என்றேன். மூன்று நாள் முட்டைதான் சாப்பாடு.

இந்த மாதக் கடைசியில் வண்டிப் பரிசோதனை. அந்த விளக்கு எரிந்தால் எண் பலகையில் தேர்ச்சி வில்லை ஒட்டமாட்டார்கள், வில்லை இல்லாவிட்டால் வண்டி தெருவில் ஓடக் கூடாது. எனவே பட்டறை சில்க்கேயிடம் கொண்டுபோனேன். சில்க்கே கெட்டிக்காரப் பெண், ஒரு கருவியைச் செருகிப் பார்த்து இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டாள். வளைவில் வழுக்காமல் பிடிக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கிறதே, அதற்குக் கார் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் தள்ளப்படுகிறது என்று சொல்ல ஒரு சென்சார் வேண்டும். நடுப்பெட்டிக்கு அடியில் ஒரு தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். வண்டி சமதரையில் சும்மா நிற்கும்போது அது பூஜ்யம் காட்டவேண்டும். நம்முடையது புள்ளி மூன்று காட்டியது, இடது பக்கமாக.

"நிக்கிற வண்டி வளைஞ்சு போயிட்டிருக்கிறதா நெனைக்குது மாமா. நேரா போனாலும் வளையிறதா நெனைக்கும். பயந்துபோய்ப் பிரேக் பிடிக்கும். சென்சார் போச்சு, மாத்திரணும்" என்றாள்.

அன்றுதான் உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். புதுச் சென்சார் விலை கேட்டதில் எழுத்து கொஞ்சம் கோணலாகப் போயிருக்கும். நான் பழைய இரும்புக் கடைக்குப் போய் நொறுங்கிய வண்டி ஒன்றிலிருந்து அதே சென்சாரை எடுத்து வந்து, தகட்டை அசைக்காமல் பழசை எடுத்துப் புதுசை அதன் மேல் பொருத்தினேன். சில்க்கேயின் பழைய கருவியை இரவல் வாங்கிவந்து என் முற்றத்தில் வைத்துப் பார்த்தால், புள்ளி மூன்று. சரி, அதுவும் செத்த சென்சார் என்று இன்னொன்று எடுத்து வந்தேன். புள்ளி மூன்று. மூன்றாவதையும் மாட்டிவிட்டு முற்றத்தின் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதுதான் சுவருக்கு மேலே கோட்லோப்பின் தொப்பி எழுந்தது.

கோட்லோப்பை உங்களுக்கு எங்கள் கல்யாணத்தில் பார்த்த ஞாபகம் இருக்கும், அக்கார்டியன் வாசித்துக்கொண்டே மேசையிலிருந்து விழுந்தவன். பக்கத்து வீடு. முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு, வாடா போடா. பதினொரு வருஷத்துக்கு முன்னால் நான் என் முற்றத்துக்குக் கல் பாவினேன். தெருப் பக்கம் நீர் வாட்டம் விட்டு, குறுக்கே ரசமட்டம் வைத்து இழைத்த மாதிரி மட்டமாகப் போட்டேன். அந்த மழைக்காலத்தில் அவன் நிலவறையில் தண்ணீர் புகுந்து அக்கார்டியன் நனைந்துபோனது. "உன் முற்றம் என் பக்கம் சாயுது" என்றான். நாற்பத்தோரு வருஷம் தரை போட்ட மேஸ்திரியைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது. நானும் சொன்னேன், அவனும் சொன்னான், அன்றிலிருந்து அவனுக்கு நான் 'நீங்கள்' ஆகிவிட்டேன், அவன் எனக்கு 'அவர்' ஆகிவிட்டான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சந்துப் பாதையை வாரத்துக்கு ஒருவர் பெருக்கவேண்டும். யார் முறையோ அவர் வாசலில் பலகை தொங்கும். பதினொரு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அவன் கதவில் நான் பலகையை மாட்டிவிட்டு வருவேன், அடுத்த சனி என் கதவில் அவன் மாட்டிவிட்டுப் போவான். மணி அடித்ததில்லை.

இதில் சங்கடம் என்னவென்றால், கோட்லோப் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தது கீழே பட்டணத்தில் இதே மாதிரிச் சென்சார்களைச் சோதிக்கிற மேசையில். சரியில்லாததைத் தூக்கிப் போடுவதுதான் அவன் வேலை. ஊரில் எனக்கு உதவக்கூடிய ஒரே ஆள் நான் பேசாத ஆள்.

"மூணு பேரு தனித்தனியா வந்து ஒரே பொய்யைச் சொல்லமாட்டாங்க" என்றான். என்னைப் பார்த்து இல்லை, பேரிக்காய் மரத்தைப் பார்த்து.

நானும் மரத்தைப் பார்த்தே கேட்டேன். "அப்ப என்னதான் சொல்ல வர்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. சென்சார் சொல்லுது, தரை கோணல்னு."

"என் தரையா?"

"வண்டி வேற யார் தரையில நிக்குதுங்க? பிரேமன்ல எட்டு வருஷம் ஒழுங்கா ஓடின வண்டி. இங்க வந்து தினம் கோணத் தரையில நிக்குது. அது நிக்கிற இடத்தைத்தான் மட்டம்னு கத்துக்கும். உங்க முத்தத்தை மட்டம்னு நம்புச்சுன்னா ரோடெல்லாம் அதுக்குக் கோணலாத்தான் தெரியும்."

"பட்டறையிலயும் புள்ளி மூணு காட்டுச்சே. அது என் முத்தமா?" என்று மடக்கினேன்.

கோட்லோப் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான், மறுபடி போட்டுக்கொண்டான். "சில்க்கே பட்டறைக்குத் தரை போட்டது யாருங்க?"

மச்சான், போட்டது நான்தான்.

சமையலறை ஜன்னலிலிருந்து உங்கள் தங்கை தலையை நீட்டினாள். "அந்த மரம் பாவம், அதுக்கிட்ட பேசினது போதும். கேக் வெட்டி வெச்சிருக்கேன், ரெண்டு பேரும் மனுஷங்க மாதிரி வந்து உக்காந்து பேசுங்க." அவனுக்குப் பிடித்த வெங்காயக் கேக்கை அவள் எதற்கு அன்றைக்குப் பார்த்துச் செய்து வைத்திருந்தாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சும்மா விட்டுவிடுவேனா. என் பழைய ரசமட்டத்தை எடுக்கலாம் என்று பார்த்தால், நான் ஓய்வு பெற்ற அன்று சங்கத்தார் அதற்குப் பொன்முலாம் பூசிப் பலகையில் அறைந்து கொடுத்துவிட்டார்கள், குமிழியும் வற்றிவிட்டது. கடையில் ஒரு புது ரசமட்டம் வாங்கி வந்து முற்றத்தில் குறுக்கே வைத்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது. "எவ்வளவு குடுத்தீங்க?" என்றான் கோட்லோப். சொன்னேன். சிரித்தான். வாங்கும்போது கடைக்காரரிடம் இதைவிட மலிவாக இல்லையா என்று கேட்டவன் நான், எந்த முகத்தோடு அதை நம்புவது.

"ஒரு வழி இருக்கு. நீங்க தரை போட்ட இடமெல்லாம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்ப்போம்" என்றான் அவன்.

போனோம். நான் ஓட்ட, அவன் கருவியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில். முதலில் தீயணைப்புக் கொட்டகை. புள்ளி மூன்று. ரொட்டிக்கடை முற்றம். புள்ளி மூன்று. பஞ்சாயத்துக் கட்டடம், பால் சேகரிக்கும் இடம், எங்கள் தேவாலயத்தின் முன்வாசல் தளம். எங்கேயும் மூக்கை முன்னால் விட்டு நுழைந்து, எண்ணைப் படித்துவிட்டு, அப்படியே பின்னால் எடுத்தோம். ஓர் இடத்தில் நான் வண்டியைத் திருப்பி நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "எதுக்குங்க, பெட்ரோல் தண்டம்" என்றான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது, சிக்கனத்தில் ஊறிய எங்கள் ஊரில் வளர்ந்த எவனுக்கும் படும். ஊர் முழுக்கச் சுற்றியும் ஒரே எண். மச்சான், கோணல் என்றாலும் ஒரே அளவுக் கோணல். வாழ்நாள் முழுக்க என் ரசமட்டம் சாய்ந்திருக்கிறது, அதை நம்பி நான் ஊரையே இடது பக்கம் சாய்த்துவிட்டேன்.

"ஒண்ணு சொல்லணும். கோணல்லகூட உங்ககிட்ட ஒரு ஒழுங்கு இருக்கு" என்றான் கோட்லோப். ஆறுதலாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

சின்ன ஊர், விஷயம் எங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. ரொட்டிக்கடைக்காரர் தன் பன் ஒரு பக்கமாக வீங்குவதற்குக் காரணம் கிடைத்தது என்றார். பாட்டுக் குழுவில் என் பக்கத்தில் நிற்கும் அம்மாள் தன் இடுப்புவலிக்கு நான் பதில் சொல்லவேண்டும் என்றார். பாதிரியார்தான் கொஞ்சம் பெருந்தன்மையாகப் பேசினார். "பிரசங்கத்துல எல்லாரும் இடது பக்கமா சாஞ்சு தூங்குறாங்க, இத்தனை நாளா என் பேச்சுத்தான் காரணம்னு நெனச்சு வருத்தப்பட்டேன். நன்றி."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் உங்களிடம் மறைப்பானேன், வெட்கமாக இருந்தது. நாற்பத்தோரு வருஷம் முழங்கால் தேயத் தேய மண்டி போட்டது இதற்குத்தானா என்று இருந்தது. அதைவிட, பதினொரு வருஷம் ஒருவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான், அவனைப் பொய்யன் ஆக்கி வைத்திருந்தேனே, அதுதான் அதிகம் உறுத்தியது.

சனிக்கிழமை என் பெருக்கும் முறை முடிந்தது. பலகையை எடுத்துக்கொண்டு போனேன். மாட்டவில்லை, மணியை அடித்தேன். கதவைத் திறந்தவனிடம், "கோட்லோப், உங்க நிலவறைத் தண்ணிக்கு என் முத்தந்தான் காரணம். அக்கார்டியனுக்கும் நான்தான் காரணம். தப்பு என்னோடது" என்று பலகையை நீட்டினேன். அவன் பலகையை வாங்கி இரண்டு முறை படித்தான், அதில் 'பெருக்கும் முறை' என்பதைத் தவிர ஒன்றும் எழுதியில்லை.

"உள்ள வாடா" என்றான்.

பதினொரு வருஷத்துக்கு அப்புறம் அந்த 'டா'வைக் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மச்சான். அதுவும் இடது பக்கம்தான் வழிந்ததா என்று கவனிக்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து இருவரும் முற்றத்தைப் பெயர்க்கிறோம். அவனுக்கு நான் முழங்கால் மெத்தை கொடுத்திருக்கிறேன். பெயர்க்கும் ஒவ்வொரு கல்லையும் தட்டித் தட்டிப் பார்த்து, 'இது தேறும், இது தேறாது' என்று பழைய வேலை ஞாபகத்தில் பிரித்து வைக்கிறான். எல்லாக் கல்லும் ஒரே கல்தான், நான் ஒன்றும் சொல்வதில்லை. பத்து மணிக்கு அவன் வீட்டு ஆப்பிள் மது ஒரு ஜாடி, பன்னிரண்டுக்கு ஹெட்விக் சாப்பாடு, நாலு மணிக்கு அவன் அக்கார்டியனை எடுக்கிறான். நனைந்த அக்கார்டியன், மூன்று சுரம் வராது, வராத இடத்தில் வாயால் பாடுகிறான். கார் தெருவில் நிற்கிறது. முற்றத்தை மறுபடி மட்டமாகப் போட்டு அதில் வண்டியை நிறுத்திப் பூஜ்யம் கற்றுக்கொடுத்தால் விளக்கு அணைந்துவிடும் என்கிறான். ஆகவே உங்கள் காரிலும் குற்றமில்லை, அதன் சென்சாரிலும் குற்றமில்லை. எல்லாக் குற்றமும் என் ரசமட்டத்தில்.

பெந்தெகொஸ்தே விடுமுறைக்கு நீங்கள் குடும்பத்தோடு வருவதாக ஹெட்விக் சொன்னாள். வாருங்கள், முற்றம் அதற்குள் முடிந்திருக்கும். உங்கள் மூட்டுகளுக்கு நல்ல வெயிலும், உங்கள் வீட்டார் எல்லாருக்கும் நீண்ட ஆயுளும் ஆண்டவர் அருளட்டும். ஹெட்விக் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள், நீங்கள் போனமுறை விட்டுப்போன குடை பத்திரமாக இருக்கிறதென்றும் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு, கோணலாகத் தரை போட்டாலும் நேராகப் பழகும்,
உங்கள் மைத்துனன் எபர்ஹார்ட்.

பின்குறிப்பு, ஞாயிற்றுக்கிழமை: தபால்தலை வீட்டில் இல்லாததால் கடிதம் நின்றுவிட்டது, நல்லதாயிற்று. வெள்ளிக்கிழமை ஹெட்விக்கின் காதுத்தோடு காரில் விழுந்துவிட்டது என்று நடுப்பெட்டியை மறுபடி கழற்றினேன். இந்தமுறை சென்சாருக்கு அடியில் இருக்கும் தகட்டையும் கழற்றினேன். தகட்டின் ஒரு காலுக்கு அடியில் ஒரு பயறு இருந்தது மச்சான். ஒரே ஒரு மலைப்பயறு. நான் மார்ச்சில் துடைத்துவிட்டு அதன் மேலேயே திருகியிருக்கிறேன். தகடு அன்றிலிருந்து சாய்ந்து நின்றிருக்கிறது, அதன் மேல் எந்தச் சென்சாரை வைத்தாலும் சாய்ந்துதான் இருக்கும்.

பயறை எடுத்துவிட்டுத் திருகிக்கொண்டு நேராகப் பட்டறைக்குப் போனேன். பூஜ்யம். விளக்கு அணைந்துவிட்டது. சில்க்கே தலையில் அடித்துக்கொண்டாள். "வண்டியை முன்பின்னா திருப்பி நிறுத்திப் பாக்கவே இல்லையா மாமா? திருப்பினப்புறமும் எண் அதே பக்கம் நின்னா வண்டிக்குள்ள கோளாறு, பக்கம் மாறினா தரையில கோளாறு. நானே அன்னைக்குச் செஞ்சிருக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். சென்சார் தெரிஞ்ச யாரும் முதல்ல அதைத்தானே செய்வாங்க." ரசமட்டத்தைத் திருப்பி வைத்துப் பார் என்பது எங்கள் தொழிலிலும் முதல்நாள் பாடம். அந்த மலிவு ரசமட்டத்தை அப்புறம் திருப்பி வைத்துப் பார்த்தேன், குமிழி அப்போதும் நட்டநடுவில்தான் நின்றது. தங்கம்.

ஆக, என் முற்றம் மட்டமாகத்தான் இருந்தது. பட்டறை, கொட்டகை, தேவாலயம் எல்லாம் மட்டம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊரில் தலைநிமிர்ந்து நடக்கலாம், பன் வீங்குவதற்கு ரொட்டிக்கடைக்காரர் வேறு காரணம் தேடிக்கொள்ளட்டும். பயறை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு கோட்லோப் வீட்டுக்குப் போனேன். அவன் முழங்கால் மெத்தையைக் கட்டிக்கொண்டு, இரண்டு குவளையை ஊற்றி வைத்துக்கொண்டு, வாசலிலேயே நின்றான். "எங்கடா போன, பத்தே கால் ஆச்சு" என்றான்.

பயறைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

முப்பத்தோரு வருஷம் சென்சார் பார்த்தவனுக்கு வண்டியைத் திருப்பி நிறுத்தத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் கேட்கப்போவதில்லை. நேற்று மழை, முற்றமே இல்லாதபோதும் அவன் நிலவறையில் தண்ணீர். "பழைய தண்ணிடா, வத்த நாளாகும்" என்றான். ஆமாம் என்றேன். விளக்கு அணைந்ததையும் அவனிடம் சொன்னேன். "பாத்தியா, கோணத் தரையை விட்டு எறங்கினதும் தெளிஞ்சிருச்சு" என்றான். அதற்கும் ஆமாம் என்றேன். எனவே மேலே எழுதியது எதுவும் உண்மையில்லை, ஆனால் நீங்கள் வரும்போது அதைத்தான் நம்பவேண்டும், அவன் எதிரில் என்னைக் கோணல் மேஸ்திரி என்று இரண்டு வார்த்தை திட்டினாலும் நல்லது.

பயறை எறிய மனம் வரவில்லை. நேற்றுச் சனிக்கிழமைப் பயறுக் குழம்பில் நானே போட்டுவிட்டேன். கோட்லோப் இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டான். கடைசி வாயில் ஏதோ பல்லில் பட்டதுபோல நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தான். நானும் அவனைப் பார்த்தேன்.

"நல்லா வெந்திருக்குடா" என்றான்.